அம்மாவின் மூன்று நாட்கள்

பிப்ரவரி 20, வியாழன்

மூடுபனி விலகி நல்ல வெயில். ரஜாய்ப் போர்வைகளை மாடியில் உலர்த்தினேன். உதிரப்போக்கு, பதினாறாம் நாள். ஹீமோகுளோபின் எட்டு. அம்மாவுக்கு எந்த வயதில் மாதவிலக்கு நின்றது என்று கேட்டு வரச் சொன்னார் டாக்டர். சீக்கிரம் நிற்கிற குடும்பமென்றால் மாத்திரையோடு காத்திருக்கலாம். இல்லாவிட்டால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்.

கேட்க என்ன இருக்கிறது? என் கல்யாணத்துக்கு முந்தின மாதம்கூட அம்மா தள்ளி உட்கார்ந்திருந்தாள். அப்போது வயது ஐம்பத்தொன்று. ஆக, ஆபரேஷன்தான். பயம்.

பிப். 21, வெள்ளி

மெட்ரோவில் உட்கார இடம். எழுந்திருக்கத்தான் தயக்கம், கறை பட்டிருக்குமோ என்று.

மகள் சொல்வது பீரியட்ஸ். வேலைக்கு வரும் சுனிதாவுக்கு மஹீனா. என் அம்மா வீட்டில் தூரம். ஒற்றை அறை குவார்ட்டர்ஸில் என்ன தூரம்? அம்மாவின் பாய்க்கும் அடுப்புக்கும் நான்கு எட்டு. பாயிலிருந்தே "உப்பு போட்டேளா?" அப்பா சமைத்து வைத்துவிட்டு ஆபீஸ் போவார். தடிதடியாக நறுக்கின பீன்ஸ். மந்திர் மார்க் பள்ளியில் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து பெஞ்ச் கீதா, "உங்கம்மா தூரமாடி?" அடுத்த வாரம் அவள் டப்பாவிலும் அதே பீன்ஸ்.

அப்பா போய் ஆறு வருடம்.

பிப். 22, சனி

ஜனக்புரி, தம்பி வீடு. அவன் மனைவி பால் வாங்கப் போனதும் அம்மாவிடம் கேட்டேன்.

"நாப்பத்தாறு."

"அம்பத்தொண்ணுலகூட உக்காந்திருந்தியேம்மா!"

"உக்காந்தேன். அது எப்பவோ நின்னு போயிடுத்து. அஞ்சு வருஷம் சும்மாத்தான் உக்காந்துண்டிருந்தேன்."

"எதுக்கு?"

"மாசத்துல மூணு நாள் யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டா. காலை நீட்டிண்டு வாரப் பத்திரிகை படிப்பேன். விட மனசு வரல."

"உன் பொய்யால என் கர்ப்பப்பையே போயிருக்கும்."

"போடி. பஞ்சாபி டாக்டர் ஒருத்தி கேட்டு அனுப்புவாள்னு நான் கண்டேனா?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். எனக்கும் இப்போது நாற்பத்தாறு.

பிப். 24, திங்கள்

டாக்டரிடம் சொன்னேன். "அச்சா!" ஸ்கேனும் சரி. ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை. மாத்திரை, இரும்புச்சத்து டானிக், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். மருந்துக்கடை வாசலிலிருந்தே அம்மாவுக்கு போன். விஷயத்தைச் சொல்லிவிட்டு, அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.



"நின்னதுக்கப்புறம் ஒரு மாசம் நானே மறந்துபோய் ஸ்டவ்வைப் பத்த வெச்சுட்டேன். உங்கப்பா வந்து கையிலேர்ந்து கரண்டியை வாங்கிண்டார். 'இன்னிக்கு உன் தேதியாச்சே, போய் உக்காரு'ன்னார்."