பலகைக்கு அந்தப் பக்கம்

4.11.2008, செவ்வாய், அஜ்மான்

ஒரே பிளாட்டைப் பிளைவுட் அடித்துப் பிரித்து, நாங்கள் இந்தப் பக்கமும் நூர்தீன் குடும்பம் அந்தப் பக்கமும் இருக்கிறோம். குளியலறை ஒன்றுதான். காலையில் யார் முதலில் குளிப்பது என்று என் வீட்டுக்காரருக்கும் நூர்தீனுக்கும் ஒரு வாரமாகச் சண்டை.

இன்று சாயங்காலம் மகள் ஜெனி ஹிஸ்டரி பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தாள். இங்கிலாந்தில் யார்க் என்று ஒரு மதில் நகரமாம். இரண்டு ராஜாக்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வைக்கிங்குகள் என்ற கடல் கொள்ளைக்காரர்கள் உள்ளே புகுந்துவிட்டார்களாம். அதுவும் சகல புனிதர் திருநாளன்று.

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து நூர்தீன் கேட்டார்: "பொறவு ராஜாக்கமாரு ராசியானாங்களாம்மா?"

"ஆனாங்க அங்கிள். சேந்து போய் மதிலை உடைச்சு உள்ள போனாங்க. பட் டூ லேட். ரெண்டு பேருமே உள்ள செத்துட்டாங்க."

நூர்தீன் சிரித்தார். "அண்ணாச்சி, நாளைலேர்ந்து நீங்களே மொதல்ல குளிங்க. நமக்குள்ள என்ன?"

சட்டத்துக்கு மாறாகப் பலகை அடித்துக் குடியிருக்கிறார்கள் என்று இந்த மனுஷன் காலையிலேயே முனிசிபாலிட்டிக்குப் போன் செய்துவிட்டார். நம்மையும் சேர்த்துத்தானே வெளியேற்றுவார்கள் என்று நான் காதோடு கேட்ட பிறகுதான் இவருக்கு உறைத்திருக்கிறது.

லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் வாசலைப் பார்க்கிறோம். அந்தப் பக்கம் நூர்தீன் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்.