கூர்வோவைப் பற்றி நல்லதாய் நாலு வரி

மே 9

அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ரோஜா வேலி, அதற்குப் பின்னால் ரூவேலின் கூரை. இந்த அறைதான் வேண்டும் என்று வீட்டுக்கார மதாம் பர்போவிடம் அடம்பிடித்து வாங்கினேன். "தோட்டத்துப் பக்கம் இன்னும் அமைதியா இருக்குமே, ஓதீல்" என்றார். இந்த ஊரில் அமைதிக்கா பஞ்சம்? காலையில் பாரிஸ் ரயில் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போகிறது. மாலையில் கொண்டுவந்து கொட்டுகிறது. நடுவில் பூனைகள் மட்டும் நடமாடுகின்றன.

நான் வந்த காரணம் என்று எல்லோரிடமும் சொல்வது: பயண வழிகாட்டிப் புத்தக வேலை. கூர்வோவில் தங்கிக்கொண்டு பாரிஸையும் சுற்றியுள்ள அரண்மனைகளையும் காட்டையும் பார்த்து வர முடியுமா என்று எழுத வேண்டும். பொய் இல்லை. ஆனால் பாரிஸைச் சுற்றி இப்படி எத்தனையோ ஊர்கள் இருக்க, கூர்வோவைக் கேட்டு வாங்கியது நான்.

உண்மையான காரணம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. அப்பாவின் காபிக்கடை. அப்பாவுக்குப் பிறகு தம்பி ரெஜீஸ் நடத்தினான். வெள்ளிக்கிழமைதோறும் பாட்டுக் கச்சேரி — அது என் ஏற்பாடு, பாடுகிறவர்களை நான்தான் பிடித்து அனுப்புவேன். சத்தம் தாங்கவில்லை என்று இந்த ரூவேல் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி நகராட்சியில் கொடுத்தார். கச்சேரியை நிறுத்தினால் போதாதா என்று கேட்டேன். கடையையே மூடச் சொல்லிவிட்டார்கள் என்றான் ரெஜீஸ். மூன்று வருடம் ஆகிறது. இன்று அந்த ஷட்டர் முன்னால் போய் நின்றேன். அப்பாவின் பெயர்ப்பலகையைக்கூட யாரும் கழற்றவில்லை. கழற்றியிருந்தாலும் வயிறு எரிந்திருக்கும். கழற்றாததற்கும் எரிகிறது.

இந்த ஊரை என் புத்தகத்தில் நாறடிக்காமல் விடப்போவதில்லை.

மே 10

ரொட்டிக்கடை வரிசையில் ரூவேல். எனக்கு வணக்கம் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. கடையே மூச்சுவிட மறந்துவிட்டது. இந்த ஊரில் கட்டிய கணவனை விட்டுவிட்டுப் போகலாம், வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது.

மே 12

காலையில் அரண்மனை, மதியம் காடு. எங்கும் ரயில் மாற வேண்டியிருக்கவில்லை. சனியன், வசதியாகத்தான் இருக்கிறது.

இதுவரை சேர்த்த வசவுகள்: உணவகம் ஒன்றே ஒன்று, அதுவும் எப்போது பார்த்தாலும் விடுமுறை. நிலையத்தில் ஒரு காபி குடிக்க வழியில்லை (ஏன் என்று இவர்களையே கேளுங்கள்!). ஞாயிறு மதியம் புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார்.

ரெஜீஸுக்குப் போன் செய்தேன். ரூவான் நகரத்துப் பக்கத்தில் ஒரு நாற்றங்கால் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். அப்பா கடையின் முதலாளி பூத்தொட்டி தூக்குகிறான்.

"அங்கயா இருக்கே? எதுக்குக்கா அங்க போனே?"

"வேலைடா."

"சரி, வேலையைப் பார்த்துட்டு வந்துடு. யார்கிட்டயும் எதுவும் பேசாதே."

அதற்குள் கொட்டாவி. இப்போதெல்லாம் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறானாம். கடையில் விடிய விடிய நின்றவன். உடைத்துப் போட்டுவிட்டார்கள் என் தம்பியை.

மே 13

சனிக்கிழமைச் சந்தை. பாலாடைக்கட்டிக் கடையில் நின்றபோது கூடையோடு ரூவேல் வந்து பக்கத்தில் நின்றார். ஆயுசு முழுக்க பாரிஸ் ரயிலில் போய் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்துவிட்டு வந்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் அதே கோட்டு.

"மதாம், எங்களைப் பத்தி எழுதப்போறீங்களாமே."

"ஆமாம்."

"திட்டித்தானே?"

"வேற எப்படி எழுதுவாங்க உங்களைப் பத்தி?"

அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். மனிதர் சிரித்தார். "தாராளமா திட்டுங்க. கூர்வோவா, அங்க ஒரு மண்ணும் இல்லன்னு எழுதுங்க. ஒரு பய வரமாட்டான். எங்களுக்கு அதைவிட என்ன வேணும்? பாராட்டி மட்டும் எழுதிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீங்க பேசாம இருங்க முசியே, எனக்கு நாலு பேரு வந்தா நாலு கட்டி விக்கும்" என்றாள் கடைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

அறைக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பாராட்டி எழுதாதீர்கள் என்கிறார். அட முட்டாளே, ஓதீல்! இவ்வளவு நாளும் தப்பான பக்கத்திலிருந்து கல்லெறிய இருந்தாயே.

மே 14

எழுதிவிட்டேன்:

"பாரிஸைப் பார்க்க வருகிறவர்கள் பாரிஸில் தங்க வேண்டியதில்லை, கூர்வோவில் தங்குங்கள். ஒரு பக்கம் ரயிலேறினால் குட்டித் தூக்கம் கலைவதற்குள் பாரிஸ், மறுபக்கம் ஏறினால் அரண்மனையும் காடும். களைத்துத் திரும்பினால் ஆறும் ரோஜா வேலிகளும், பறவையைத் தவிர வேறெதுவும் பேசாத தெருக்களும் காத்திருக்கின்றன. நிலையத்திலிருந்து கல் பாவிய பழைய சந்து வழியாகவே நடந்து வாருங்கள், ஊரின் அழகே அதுதான்."

நாலே வரி. ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் இதில் ருசி.

அந்தச் சந்தில்தான் ரூவேலின் படுக்கையறை ஜன்னல். சக்கரம் வைத்த பெட்டி அந்தக் கற்களில் எப்படி அலறும் என்று என் பெட்டியை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். பிரமாதம். ஜன்னல் திறந்தது. நான் கையாட்டினேன்.

மே 16

கிளம்புகிறேன். மதாம் பர்போ வரிகளைப் படித்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊரையா இப்படி எழுதியிருக்கீங்க? உங்க வீட்டுக்கு நாங்க செஞ்சதுக்கு... நீங்க பெரிய மனசு, ஓதீல்." ஒரு நொடி என்னவோ போல் இருந்தது. ரயில் வந்துவிட்டது.

மார்ச் 2

புத்தகம் கடைகளில். ரெஜீஸுக்கும் ஒன்று அனுப்பினேன். "நல்லா எழுதியிருக்கே. உனக்கு அந்த ஊரு இவ்வளவு பிடிக்கும்னு தெரியாதே" என்றான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

ஜூன் 16

அறுவடை பார்க்கக் கூர்வோவுக்கு வந்தேன். மதாம் பர்போவிடம் இடமில்லை. என்னிடமே இடமில்லை என்கிறார்! மாடியில் டச்சுக்காரர்கள், தோட்டத்துக் கொட்டகையில் ஒரு கொரியத் தம்பதி. எனக்குத் தையல் அறையில் மடக்குக் கட்டில்.

விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, விமானம் பிடிக்கப் போகிறவர்களின் பெட்டிகள். கடகடகடவென்று சந்து முழுக்க. படுத்துக்கொண்டே கேட்டேன். வெள்ளிக்கிழமைக் கச்சேரிகூட இவ்வளவு இனித்ததில்லை.

காலையில் ரூவேலைப் பார்த்தேன். வாசலில் யாரோ இளைஞனுக்கு நிலையத்துக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. "தூக்கம் எப்படி, முசியே?" என்று கேட்டேன். "நல்லா எழுதறீங்க, மதாம்" என்றார். ஹா! தெரிந்துவிட்டது அவருக்கு. தெரிய வேண்டும் என்றுதானே எழுதினேன்.

ஜூன் 17

இதைவிடப் பெரிய விருந்து இருக்கிறது! நகராட்சியிலிருந்து மேயரம்மா தானே தேடி வந்தார்.

"வர்றவங்க எல்லாரும் நிலையத்துல காபி எங்கன்னுதான் கேக்கறாங்க. உங்கப்பா கடை இடம் இப்ப நகராட்சிகிட்ட இருக்கு. ரெஜீஸ் திரும்பி வந்தா நாங்களே வெள்ளையடிச்சுத் தர்றோம். கச்சேரியும் வெச்சுக்கட்டும்."

"மூடச் சொன்ன வாயாலயே திறக்கச் சொல்றீங்களா?"

"மூடச் சொல்லலியே மதாம். கச்சேரியைச் சீக்கிரம் முடிங்கன்னுதான் சொன்னோம். மறு வாரமே அவரு சாவியைக் கொண்டுவந்து மேஜையில வெச்சுட்டாரு."

அரசியல்வாதிக்குப் பொய் சொல்லக் கற்றுத் தர வேண்டுமா? சரி, வருவான் என்று சொல்லிவிட்டேன். அவனைக் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது?

நேராக எதிர்வீட்டுக்குப் போய் மணியடித்தேன். ரூவேலின் முகம் சுருங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. "கடை திறக்குது முசியே. என் தம்பி கையால நீங்க காபி வாங்கிக் குடிக்கணும், எல்லாரும் பார்க்க."

முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

"ரெஜீஸ்கிட்ட கேட்டீங்களா?"

"அது எங்க வீட்டு விஷயம்."

"கேளுங்க மதாம். முதல்ல அவரைக் கேளுங்க." கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். சத்தமே இல்லாமல். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 23

ரூவான். நாற்றங்கால் தோட்டத்தில், தொட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே சொன்னேன். மேயரம்மா, வெள்ளையடிப்பு, கச்சேரி, ரூவேலின் முகம், எல்லாம். அவன் குதிப்பான் என்று காத்திருந்தேன். கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"வரேன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். அப்பா கடைடா!"

"அக்கா, நகராட்சி மூடச் சொல்லலை. நான்தான் மூடினேன்."

"என்னடா உளர்றே?"

"நான்தான் ரூவேல்கிட்ட போய் நின்னேன். புகார் கொடுங்க, ஊரையும் சேர்த்துக்குங்க, எனக்கு ஒரு சாக்கு வேணும்னு கெஞ்சினேன். அவரு மாட்டேன்னாரு. தினம் முதல் காபி நம்ம கடையிலதான் குடிப்பாரு அந்த மனுஷன். உங்கக்காகிட்ட நேரா சொல்லுன்னாரு. உன்கிட்ட நேரா சொல்றதாமே! அப்பா கடைன்னு ஆரம்பிப்பே, நான் சரின்னுடுவேன். சாவியைப் போடாம கடை வாசல்லயே நின்னுட்டிருப்பேன் அக்கா. உள்ள போனா மூச்சு வராது."

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். அடுத்த மாசம் யாரைப் பாடக் கூப்பிடலாம்னு கேட்டே."

எனக்கு நினைவில்லை. அதையும் அவனிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

"இப்பவும் நீ வான்னா வந்துடுவேன். அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஜூன் 24

பொய். ரூவேல் சொல்லிக்கொடுத்திருப்பார். இல்லை, அந்த ஆளுக்குப் பொய் சொல்லவா தெரியும். அப்போ ரெஜீஸ்? அவன் என்கிட்ட பொய்யே சொன்னதில்லையே — நாலு வருஷமா சொல்லியிருக்கான்! என்கிட்ட! ஊரையே கூட்டிப் புகார் கொடுக்க வெச்சு, என்னை விட்டு ஓடியிருக்கான். நான் என்ன புலியா? அவனுக்காகத்தானே எல்லாம் செஞ்சேன். அவனுக்காகத்தானே அந்த ஊர்த் தூக்கத்தையே கெடுத்தேன்.

யாரைப் பழிவாங்குவது இப்போது? கையில் எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஜூன் 25

எழுத ஒன்றுமில்லை. சமைக்கவில்லை.

ஜூலை 1

கூர்வோ. மேயரம்மாவிடம் போய், தம்பி வரமாட்டான், வேறு யாரையாவது பாருங்கள் என்றேன். அப்பாவின் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றித் தரச் சொன்னேன். கனமாக இருந்தது. செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள்.

அதைச் சுமந்துகொண்டே ரூவேல் வீட்டு மணியை அடித்தேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"நாலு வருஷமா உங்களை நான் சபிச்சுக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லமாட்டேன்னு அவருகிட்ட வாக்குக் கொடுத்துட்டேனே."

"அதுக்காக ஊர்ப் பகையை எல்லாம் நீங்க சுமக்கணுமா?"

"ஊரு ஒண்ணும் பகைக்கலை. நீங்க ஒருத்தர்தான்." மேஜை மேல் கிடந்த ரொட்டித்தூளைக் கையால் கூட்டிக்கொண்டே சொன்னார்: "வளர்ந்த ஆம்பளை சமையலறையில வந்து உக்காந்து குழந்தை மாதிரி அழறான். என்ன மதாம் செய்வீங்க? நானும் முதல்ல போயிட்டு வான்னுதான் சொன்னேன். மறுநாளும் வந்து அழுதான்."

மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது வேறு: "புத்தகத்துல எதை மாத்தணும் சொல்லுங்க."

"அந்தச் சந்து வரியை மட்டும் எடுத்துடுங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. என் தங்கச்சிகூட அதைப் படிச்சுட்டு, இந்த வருஷம் இங்க வந்து தங்கறேங்கறா."

அடுத்த பதிப்பு வருவதற்குள் இந்தக் கோடை முழுவதும் பெட்டிகள் உருளும். அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 20

சந்து வரி நீக்கியாயிற்று. பதிப்பாசிரியர் பெண்ணுக்கு வருத்தம். "அதுதானே அழகான வரி" என்றாள்.

செப்டம்பர் 8

ஞாயிறு. ரெஜீஸை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். அவனுக்குப் பிடிக்குமே என்று கசாப்புக்கடையில் நல்ல ஆட்டுத்தொடையாகப் பார்த்து வாங்கி, பூண்டு செருகி, காலையிலேயே அடுப்பில் வைத்துவிட்டேன். மணம் படிக்கட்டு வரை போனது.

பதினொரு மணிக்குப் போன் செய்தான். "அக்கா, இன்னைக்கு வரலை."

"ஏன்டா, உடம்பு சரியில்லையா? ரயில் ஓடலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. வர மனசில்லை."

அவ்வளவுதான். சாக்கு எதுவும் சொல்லவில்லை. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது, ஒரு பெண் குரல். யார் என்று கேட்க வாயெடுத்தேன். அப்பா, குடும்பம், ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் வெந்துகொண்டிருக்கிற தொடை, எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. அவன் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"சரிடா" என்றேன்.

"சரியா?"

"சரின்னு சொன்னேனே, போனை வை."

வைத்துவிட்டான். மேஜையில் வைத்திருந்த இரண்டாவது தட்டை எடுத்து அலமாரியில் போட்டேன், கொஞ்சம் வேகமாகத்தான். பிறகு உட்கார்ந்து அந்த ஆட்டுத்தொடையை நானே சாப்பிட்டேன். இரண்டு பேருக்கானது, திணறத் திணற. அவனுக்கென்று ஒரு துண்டுகூட எடுத்து வைக்கவில்லை.