ஆட்டம்மாவின் இடது கால்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீங்களும் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் கார்ட்டூன் படத்தின் முன்னோட்டம் பிரமாதமாக வந்திருப்பதாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். போனில் பேசினால் நான் நடுவில் அழுதுவிடுவேன், நீங்கள் சிக்னல் சரியில்லை என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, என்னம்மா இப்படி இளைச்சுப் போயிட்டே என்றார். அந்த மட்டில் பார்வை தெளிவு. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார்.

வேலை அறையில் இப்போது நான் மட்டும்தான். பற்பசை விளம்பரத்துக்கு ஒரு வாத்து வரைகிறேன். வாத்துக்குப் பல் வேண்டுமாம். பல்லே இல்லாத வாத்து எதுக்குங்க பேஸ்ட் வாங்கும் என்று விளம்பரக்காரர் என்னையே கேட்கிறார். வாத்தின் அலகுக்குள் சீப்பு மாதிரி ஒரு வரிசை நிஜமாகவே உண்டு, அதையே வெளுப்பாக்கித் தருகிறேன் என்று சமாளித்திருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் சண்டை போட்டு வேலையையே கெடுத்திருப்பீர்கள்.

எலும்பை வரையாமல் தோலை வரையக் கூடாது என்பது உங்கள் சட்டம். கோட்டும் தொப்பியும் மாட்டி இரண்டு காலில் நிறுத்தினாலும் உள்ளே இருப்பது அந்த விலங்குதான் என்பீர்கள். ஆட்டுக்கு முட்டி வயித்துக்கிட்ட இருக்கு, பின்னாடி மடங்குதே அது குதிகால், எத்தனை தடவை சொல்றது என்று நீங்கள் போடும் சத்தம் மேல்மாடி வரை கேட்கும். குதிகால் இடம் மாறிவிட்டது என்று நம்மிடம் வேலை பார்த்த பெண்ணின் படத்தை அவள் கண்ணெதிரே கிழித்தீர்கள். அந்தப் பெண் அதோடு வேலைக்கு வரவில்லை.

இப்போது உங்கள் படத்தின் முன்னோட்டத்தைப் பார்த்தேன். கூடையோடு வந்து, வந்த இடத்தில் எல்லாம் தடுக்கி விழுந்து சிரிக்க வைக்கிறாளே அந்த ஆட்டம்மா, அவளுடைய வலது கால் கச்சிதம். முட்டி மேலே, குதிகால் பின்னால், நுனியில் குளம்பு. இடது கால் மட்டும் நட்டநடுவில் மனுஷிக்கு மடங்குவது போல மடங்குகிறது. அடிக்கு அடி அந்தத் தொடையைக் கையால் அழுத்தி, இடுப்பை வெட்டிக்கொண்டு நடக்கிறாள். பார்க்கிறவர்கள் வரைந்தவர் கோட்டை விட்டுவிட்டார் என்று நினைப்பார்கள். நீங்களா கோட்டை விடுகிற ஆள்? அது ஆட்டின் கால் இல்லை. போலியோ வந்த என் கால்.

படவேலைக்காக ஊரை விட்டுக் கிளம்பும் முன் போனில் வீடியோ எடுத்தபடி, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் நட என்றீர்கள். எதுக்கு என்று கேட்டேன். அங்கே தனியா இருக்கறப்போ உன்னப் பாக்கத்தான்டி என்றீர்கள். நான் நல்ல உடையாக மாற்றிக்கொண்டு வந்து நடந்தேன். தெருவில் நொண்டி என்று கூப்பிட்டவர்கள் உண்டு. அவர்கள் யாருக்காகவும் நான் அலங்கரித்துக்கொண்டு வந்து நடந்ததில்லை.

டைரக்டர் கேட்டார், நான் என்ன பண்ணுவேன் என்பீர்கள். அவர் சிரிப்பு கேட்டிருப்பார். என் காலைக் கேட்டிருக்க முடியாது, அவருக்கு என்னைத் தெரியாது.

இதையும் நான் விழுங்கியிருப்பேன். பட்டுதான் காரணம். நேற்று சாயங்காலம் நான் கடையிலிருந்து திரும்பும்போது மாடிப்படி அருகே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தொடையில் கையை ஊன்றி ஆட்டம்மா நடை நடந்தார்கள். உங்கள் மகள்தான் முன்னால். என்னைப் பார்த்ததும் சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

சாப்பிடும்போது கேட்டாள், அப்பா உன்னப் பாத்துதான் வரைஞ்சாரா என்று. சேச்சே, ஆடுன்னா அப்படித்தான் நடக்கும் என்றேன். எழுந்து போய் வேலை அறைச் சுவரில் இருக்கும் ஆட்டு எலும்புப் படத்தில் விரலை வைத்து, இது குதிகால்னு அப்பாதானே சொல்லிக்குடுத்தார், ஆட்டுக்கு இங்க முட்டியே இல்லியேம்மா என்றாள். நீங்கள் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு நன்றாகவே ஏறியிருக்கிறது.

படம் வெளிவர இன்னும் நாள் இருக்கிறது. அவள் வகுப்பே சேர்ந்து போவதாகப் பேச்சு. அதற்குள் அந்தக் காலை மாற்றுங்கள். நொண்டத்தான் வேண்டும் என்றால் ஆடு நொண்டுகிற மாதிரி நொண்டட்டும். அடிபட்ட ஆடு பாரத்தைப் போடப் பயந்து குளம்பின் நுனியை மட்டும் தரையில் தொடும். அந்த நடையை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம். அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.

மாற்றிய பிறகு பட்டுவுக்கு உங்கள் கைப்பட ஒரு வரி எழுதுங்கள். அப்பா கால் எலும்பைத் தப்பாப் போட்டுட்டேன், இப்போ திருத்திட்டேன் என்று எழுதினால் போதும். தப்பு என்று ஒப்புக்கொள்வது உங்களுக்குக் கசக்கும், தெரியும். அப்பாவுக்குத் தப்பே வராது என்று சொல்லித்தான் நான் அவளை வளர்த்தேன். இந்த ஒரு தடவை உங்களுக்குத் தப்பு வந்ததாகவே இருக்கட்டும். நானும் ஆமாம் என்று சொல்கிறேன், அவள் நம்பிவிடுவாள்.

எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அப்பா வேண்டும்.

இப்படிக்கு,
பட்டுவின் அம்மா