ஓடுகிற வேட்டைக்காரன் வேஷம்

பனி மாதம், நான்காம் நாள்

நான் அப்படி என்ன தப்புப் பண்ணிட்டேன், சிக்னே? மீன் காயப்போடுகிற இடத்தில், அத்தனை பேர் முன்னால், "செத்தவரையாவது விட்டு வைங்க, ஆஸ்லக் மாமா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாய்.  இப்போது நான் கேட்கிறேன். முதற்பனித் திருவிழாவில் வைக்கோல் பூதம் துரத்த, உன் அப்பா ஹல்வர் மாதிரி இடது காலை இழுத்து இழுத்து நான் ஓடாவிட்டால் ஊர் எதற்குச் சிரிக்கும்? பூதவேட்டைக்காரன் என்று காலமெல்லாம் ஊர்ச்சோறு தின்றவர் ஒரு பூதத்தின் பல்லையாவது கொண்டுவந்து காட்டினாரா? முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். பாதி ஆட்டத்தில் எழுந்து போவார். "நிஜமாவே ஓடுறான் பாரு"ன்னு நான் கத்துவேன். அதுக்குத்தான் சிரிப்பு ஜாஸ்தி. போன வருஷம் அவர் இருந்தபோதே செய்ததை, இந்த வருஷம் செய்தால் என்னவாம்?

ஏழாம் நாள்

ஹல்வரின் பழைய படகுக்கொட்டகைக்குள் புகுந்தேன். திருட இல்லை. அவருடைய தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினால் ஆட்டம் இன்னும் களைகட்டும். அவ்வளவுதான். பெட்டியில் கோட்டு இருந்தது. கோட்டுக்கு அடியில் ஒரு இரும்புக் கடிவாளம், தோல் அட்டை போட்ட குறிப்பேடுகள். எல்லாவற்றையும் தூக்கி வந்துவிட்டேன். ஆட்டத்துக்கு நாலு வசனம் கிடைக்காதா?

எட்டாம் நாள்

நான் இரண்டு குளிர்காலம் மட்டும் பள்ளிக்குப் போனவன். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிக்க வேண்டும். மனுஷன் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். மலைப்பூதத்துக்கு விக்கல் எடுத்ததாம், விடியும் வரை இவர் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிப்பை அடக்கினாராம். ஹல்வருக்குச் சிரிக்கத் தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

என்னைப் பற்றியும் இருக்கிறது. "ஆஸ்லக் இந்த வருஷம் என் நடையைச் சரியாகப் பிடித்துவிட்டான்." இதைப் படித்தபோது எனக்குப் பெருமைகூட வந்தது.

ஒன்பதாம் நாள்

அந்தப் பக்கத்தைப் படிக்காமலே இருந்திருக்கலாம்.

திருவிழா மேளம் கேட்டால் ஏரிக்குதிரை, அதாவது ஏரிக்கடியில் கிடக்கும் குதிரைப் பூதம், விழித்துக்கொள்ளுமாம். அதைக் கொல்ல முடியாதாம். யாராவது ஒருத்தர் கையில் இரும்போடு, முழங்கால் தண்ணீரில், மேளம் ஓய்கிற வரை நிற்க வேண்டும். நின்றால் அது கரை ஏறாது. அந்தக் குளிரில் வருஷா வருஷம் நின்றுதான் ஹல்வருக்குக் கால் போயிருக்கிறது. எந்தக் கால் — இடது கால்.

"ஊரிடம் சொன்னால் மேளத்தை நிறுத்திவிடுவார்கள். இந்த ஊர் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு நாள்தான். ஆஸ்லக் ஓடும்போது யாரும் என்னைக் கவனிப்பதில்லை. அப்போது எழுந்து ஏரிக்குப் போக வசதியாக இருக்கிறது. அவன் பின்னாலிருந்து கத்துவதுதான் கொஞ்சம் கஷ்டம். சிக்னே தலையைக் குனிந்துகொள்கிறாள்."

அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சதை நான் பார்த்திருக்கேன். பார்த்துட்டு இன்னும் சத்தமா கத்தியிருக்கேன். சே. நானெல்லாம் ஒரு மனுஷனா?

பதினோராம் நாள்

மேளக்கார ஐனாரிடம் போய், இந்த வருஷம் மேளம் வேண்டாம், ஏரியிலிருந்து குதிரை ஏறி வரும் என்றேன். கண்ணில் நீர் வரச் சிரித்தான். "கிழவா, இதையும் ஆட்டத்துல சேர்த்துக்க" என்றான். நான் சத்தியம் பண்ணப் பண்ண இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தான். என் வாயிலிருந்து வந்தால் எதுவுமே வேடிக்கைதான் போலிருக்கிறது. யாரைக் குறை சொல்ல?

சிக்னேயிடம் போக வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள்

கடிவாளத்துக்கு எண்ணெய் போட்டு வைத்தேன்.

பதினான்காம் நாள்

நேற்று பொழுது சாயும் நேரத்தில் மேளம் தொடங்கியது. வைக்கோல் பூதம் துரத்தியது. கோட்டுக்குள் கடிவாளத்தை வைத்துக்கொண்டு காலை இழுத்து இரண்டு சுற்று ஓடினேன். சிக்னே கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள், அப்பாவின் கோட்டைப் பார்த்துக்கொண்டே. மூன்றாவது சுற்றில் களத்தை விட்டு வெளியே ஓடினேன். ஊர் அப்படியொரு சிரிப்பு சிரித்தது. "நிஜமாவே ஓடுறான் பாரு" என்று யாரோ கத்தினார்கள். ஐனார் மகனாக இருக்கும். முதுகில் அது எப்படி விழும் என்று எனக்கு இத்தனை நாளாகத் தெரியாது.

ஏரியில் முழங்கால் வரை இறங்கி, கடிவாளத்தைக் கையில் பிடித்தேன். அது தண்ணீர் இல்லை, கத்தி. சற்றுத் தள்ளி இருட்டில் ஒரு பெரிய மூச்சு, குதிரை மூச்சு, ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பயத்தில் அழுதேன். ஆனால் நின்றேன். மேளம் ஓய்ந்ததும் அதுவும் ஓய்ந்தது.

பதினைந்தாம் நாள்

கோட்டு, குறிப்பேடுகள், கடிவாளம் எல்லாவற்றையும் சிக்னேயின் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். பிறகு நான் நிற்கிற விதத்தைப் பார்த்தாள். எனக்கு இடது கால் தரையில் ஊன்றவில்லை.

"முந்தாநேத்து தண்ணியில நின்னது நீங்களா?"

தலையாட்டினேன். வருகிற வருஷமும் நானே நிற்கிறேன், இனிமேல் இந்த வேஷமே வேண்டாம் என்றேன்.

"நிக்கிறது என் வேலை. நீங்க ஓடுங்க மாமா. ஜனங்க உங்களைப் பார்க்கணும், அப்பதான் நான் எழுந்து போக முடியும்." கோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "நான் போறப்ப கத்துங்க. எப்பவும் போல, சத்தமா."

சிக்னே, நான் உங்க அப்பாவை — என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் கடிவாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பா நின்ற இடத்தைப் பார்க்க ஏரிப்பக்கமாகப் பாதி தூரம் போய்விட்டிருந்தாள்.