சவரத்துக்கு வைத்த சுடுதண்ணீர்

1988 மாசி, வெள்ளி இரவு.

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்த ஐயா இன்று போய்விட்டார். மாதக்கணக்காக வீட்டோடு தங்கி அவரைப் பார்த்த நர்ஸ் நான். வாயால் ஒன்றும் கொடுக்கவேண்டாம், புரைக்கேறிவிடும் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டினார்.

காலையில், "மிஸ்ஸி, சவரம் எடுக்கவேணும், சுடுதண்ணி கொண்டு வாங்கோ," என்றார். நெடுநாளுக்குப் பிறகு தானாகவே ஒன்றைக் கேட்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில் அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது சொந்தக்காரர் கட்டிலைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு கரண்டியாகக் கடைசிப் பாலைப் பருக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் இருமினார். பிறகு மூச்சு இல்லை.

கத்தினேன். அவர் மனைவி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"மிஸ்ஸி நிண்டால் விடமாட்டா, நான் அனுப்பிவிடுறன், நீங்கள் பருக்குங்கோ எண்டு அவர்தான் நேற்றுச் சொன்னவர், பிள்ளை."

அந்தத் தண்ணீரிலேயே அவருக்குச் சவரம் எடுத்துவிட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், முதல் கரண்டியை நானே பருக்கியிருப்பேன்.