பெட்டியில சொருகின ஒயரு

2006 ஜூலை 11, செவ்வாய்.

எங்க வீட்டுக்காரரு கருமாதி முடிஞ்சு இன்னைக்குத்தான் தோட்டத்து ஆபீசு கூட்டிப் பெருக்கப் போனேன். மேசைக்கு அடியில ஒரு ஒயரோட ஒரு முனை கழண்டு கெடந்துச்சு. லயத்து வீட்டுல ஒயரு கழண்டா எடுத்துச் சொருகிவிடுறதுதானே நம்ம பழக்கம். கம்ப்யூட்டர் ஒயரெல்லாம் போற பெட்டியில ஒரு ஓட்டை சும்மா இருந்துச்சு, அதுல சொருகிட்டேன். கொஞ்ச நேரத்துல எல்லா கம்ப்யூட்டரும் நின்னு போச்சு. "புருசன் போனதோட புத்தியும் போயிருச்சா?"ன்னு கிளாக்கர் ஐயா எல்லாருக்கும் முன்னால கத்தினாரு. நாளைக்கே ஆபீச விட்டுத் தேயிலக் கொழுந்தெடுக்க அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன்.

அந்தப் பெட்டிய மாட்டிப் பூட்டின தம்பி பதுளையில இருந்து வந்தாரு, யாழ்ப்பாணத்துப் புள்ள. பாத்துட்டு ஐயாகிட்ட சொன்னாரு: "இந்த ஒயரின்ர ரெண்டு முனையும் ஒரே பெட்டியில இருக்கு. அனுப்புறதெல்லாம் வெளிய போகாம உள்ளுக்கையே சுத்துது. அப்பிடிச் சுத்தினா ஒயர் போற அந்த வாசலைத் தானாவே மூடுற வசதி பெட்டியில இருக்கு. பூட்டேக்க நாங்கள் அதைப் போடாம விட்டிட்டம்."

கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டி அதைப் போட்டாரு. அதே ஒயரக் கழட்டி, என்னையே திரும்பச் சொருகச் சொன்னாரு. சொருகினேன், ஒண்ணும் நிக்கல. "பாத்தீங்களே அம்மா, உங்கட பிழை இல்லை"ன்னாரு. ஐயாவும் நாளைக்கு வழக்கம்போல வான்னுட்டாரு.

நான் அழுதுட்டேன். காய்ச்சலோட வேலைக்கு அனுப்பி அவரச் சாகடிச்சேன்னு மாமியா தெனம் சொல்றாங்க. தம்பி ஒயரப் பத்தித்தான் சொன்னாரு, தெரியும். ஆனா அவரு போனதுல இருந்து என் பிழை இல்லைன்னு ஒருத்தரும் சொல்லல. அந்த வார்த்தைய இன்னொருக்கா காதால கேக்கணும் போல இருக்கு.