கறுப்புத் தொப்பியில் கறுப்பு நூல்

என்னங்க,

காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். முட்டை வேகவைத்து மூடியிருக்கிறது, உரிக்கிற வேலை உங்களுடையது. கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகன் பிறந்தநாளுக்கு என் எம்பிராய்டரி மெஷினில் என்ன போடலாம் என்று நீங்கள் சொன்ன யோசனைகளை நினைத்துப் பார்த்தேன். கைக்குட்டையில் பெயர், தலையணை உறையில் ரோஜாப்பூ, துண்டில் 'அப்பா செல்லம்'. பதினைந்து வயதுப் பையன்! பள்ளிக்கூடத்தில் அவனை உயிரோடு விடுவார்களா? வேண்டாம் என்றதற்கு, "பெத்தவ இருந்திருந்தா செஞ்சிருப்பா" என்று சொன்னீர்கள். அந்த வாயை நீங்களே கழுவிக்கொள்ளுங்கள், எனக்கு நேரமில்லை.

கறுப்புத் தொப்பியில் கறுப்பு நூலாலேயே அவனுடைய பந்தாட்டச் சட்டை எண்ணைப் போட்டிருக்கிறேன். கிட்டே வந்து பார்த்தால்தான் தெரியும். இந்த வயதில் அப்படித்தான் வேண்டும். நடுத் தையல் தடிமன், இரண்டு ஊசி போயிற்று. துணி சுருங்காமலிருக்க உள்ளே வைத்துத் தைத்த தாளைச் சுத்தமாகக் கிழித்துவிட்டேன், நெற்றியில் குத்தாது.

கடையில் வாங்கியதாகச் சொல்லிக் கொடுங்கள். நான் கொடுத்தால் "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று வாங்கி அலமாரிமேல் போட்டுவிடுவான். நான் இந்த வீட்டுக்கு வந்த நாலு வருஷத்தில் அங்கே நிறையச் சேர்ந்துவிட்டது.

பி.கு: இதை எழுதும்போதே எழுந்து வந்து தொப்பியைப் பார்த்துவிட்டான். "மூணு நாளா மெஷின் சத்தம் கேக்குது, எனக்குத் தெரியாதா?" என்றான். இப்போது பல் விளக்குகிறான், தொப்பியோடு. நீங்கள் எழுந்து ஏதாவது கேட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.